இரண்டு பாட்டில் தண்ணீர்

முந்நூற்று இருபது ரூபாய். குடிநீர்த் திட்டத்துக்கு மக்கள் பங்கென்று பஞ்சாயத்து விதித்த தொகையில் கலியம்மாள் வீட்டுப் பாக்கி அது. அதைக் கட்ட ஆட்டை விற்பதற்கு அவிழ்த்தவளின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினான் புருசன் செல்லக்கண்ணு.

"நம்ம தெருவுக்குக் கொழா போடுவானுவன்னு நம்புற பாரு! ஒன்னய மாதிரி ஏமாளி உண்டா?"

"தண்ணியச் சோதிச்ச காயிதம் வந்துருக்காம்ங்க. காயிதம் ஆளு பாத்தா பேசும்?"

இரண்டாயிரத்து மூன்றாம் வருசக் கோடை. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. தண்ணீர்தான் காரணமா என்று பார்க்க இன்ஜினியர் ஒருவர் வந்து, ஊர்க் கிணற்றில் ஒரு பாட்டில், காலனிக் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்துப்போனார். காலனிக் கிணற்றில் இறைத்துக் கொடுத்தவள் கலியம்மாள்தான். நாற்பது வயதுக்குமேல் அறிவொளி வகுப்பில் படித்த எழுத்தில், இரண்டு பாட்டிலுக்கும் சீட்டில் கிணற்றின் பெயரை எழுதி ஒட்டியவளும் அவளே.

"எந்தக் கெணறு நல்லாருக்கோ அங்க மோட்டார். அந்தத் தெருவுக்குத்தான் மொதக் கொழா" என்று பஞ்சாயத்து எழுத்தர் வீரமுத்து அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஆடு விலைக்குப் போயிற்று. மறுநாள் பணத்தை அவர் மேசையில் வைத்தாள். அவள் கையிலிருந்து நேராக வாங்குகிற வழக்கம் அங்கே கிடையாது.

"ஒனக்கு யோகந்தான் கலியம்மா. ஒங்க தெரு பாக்கியப் பூராத் தள்ளியாச்சு. பணத்த எடுத்துட்டுப் போ."

"ஏங்க சார்?"

"லைன் ஊருக்குள்ள மட்டுந்தான். ஒங்களுக்குத்தான் கெணறே இருக்கே!"

"எங்க கெணத்துலதான மோட்டாரு வைக்கிறீங்க?"

"ரிப்போர்ட்டு அப்புடிச் சொல்லுது. விஞ்ஞானம்மா! நாம மாத்த முடியுமா?"

"நான் சொம்புல மொண்டு குடுத்தா தீட்டு. அதே தண்ணி கொழால வந்தா தீட்டு இல்லீங்களா?"

அவள் ரிப்போர்ட்டைக் கேட்டாள்.

"படிச்சுக் கிழிக்கப் போறியாக்கும்!" என்று மேசைமேல் தள்ளினார்.

விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ஊர்க் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம்; காலனிக் கிணறு குடிக்கத் தகுந்தது. அன்றைக்குச் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தால் கிணறாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு நொடி நெஞ்சு எரிந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

"'கோடையில் ஊற்று குறைவு. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைக்கக் கூடாது. காலனிக்கு வழங்கிய பிறகே ஊருக்கு வழங்க வேண்டும்.' இதுவும் விஞ்ஞானந்தான சார்?"

வீரமுத்துவின் சிரிப்பு நின்றது. "மொதப் பக்கத்துக்குத்தான் தீர்மானம் போட்டுருக்கு."

சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தார். "கணக்கு முடிஞ்சுது. கையெழுத்துப் போடு."

பேனாவை எடுத்தாள். கோட்டுக்குக் கீழே, இடம் போதாமல் ஓரம்வரை வளைத்து, நிதானமாக எழுதினாள்: 'பணம் கொண்டுவந்தேன். வாங்க மறுத்தார்கள்.' பிறகு தேதி. பிறகு பெயர்.

பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இதயாவது முழுசாப் படிங்க சார். ஒரே பக்கந்தான்."