ஓப்பல் வீட்டு எலுமிச்சை கேக்

டோனட் பெட்டியைப் பார்த்ததுமே வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் நடத்திய வழக்கில் ஜூரி நடுவர்கள் குற்றவாளி என்று சொல்கிறார்களோ, அவர் மறுநாள் காலை எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். வெர்னா ஹாலட் இத்தனை வருடங்களில் வாங்கி வந்த பெட்டிகளை அடுக்கினால் கூரை முட்டும். இன்றைக்கு வாங்கி வந்திருப்பவள் கொரின். அதுவும் எதற்காக? சிறையிலிருந்து ஒருவனை வெளியே விட்டதற்காக! அதையும் ஆட்கள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு எடுத்துக்கோ வெர்னா. சர்க்கரை தூவினதுதான், விஷம் இல்ல" என்றான் லைல், பக்கத்து மேசைக்காரன்.

"எனக்குச் சர்க்கரை ஆகாது" என்றாள் வெர்னா, பெட்டியருகே நின்ற கொரினுக்கும் கேட்கும்படி.

அவளுக்குச் சர்க்கரை வியாதி எதுவும் கிடையாது. லைலுக்கும் அது தெரியும்.

போன நவம்பர் தேர்தலில் ஜெயித்து வந்த புதிய தலைமை வழக்கறிஞர், பழைய வழக்குகளை மறுபடி புரட்டிப் பார்க்கப் போவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கென்று ஒரு தனிப் பிரிவு. அதன் தலைமைப் பதவியை வெர்னா கேட்டுப் பார்த்தாள். அது கொரினுக்குப் போனது. பத்து வருடம் எதிர்த் தரப்பில் உட்கார்ந்து குற்றவாளிகளுக்காக வாதாடிக்கொண்டிருந்தவளுக்கு! அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பத்திரிகை அவள் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. வெர்னா என்ன சும்மாவா இருந்தாள்? கஞ்சா பொட்டலத்தோடு பிடிபட்டவர்கள், கடையில் டயப்பர் திருடிய அம்மாக்கள் என்று எத்தனை பேருடைய வழக்கைக் கோர்ட் வராந்தாவிலேயே கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அப்போது அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் இல்லை. பெயர் இல்லாததால் படமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

மத்தியானம் கொரினே அவள் அறைக்கு வந்தாள். "திங்கக்கிழமை டெரன்ஸ் ஓடமை விடுவிக்கற வழக்கு வருது. நீங்க நடத்தின வழக்கு. உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு..."

"எனக்கென்ன சங்கடம்?"

சங்கடம் இருக்கத்தான் செய்தது. பதினொரு வருடம் முன்னால் பெட்ரோல் பங்க்கில் டுவைட் ஜென்னர் என்ற பையனை யாரோ சுட்டுக் கொன்றார்கள். பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி ஓடமைக் கை காட்டினான். அதை வைத்தே வெர்னா அவனைச் சிறைக்கு அனுப்பினாள். இப்போது கல்லாப்பெட்டியில் இருந்த கைரேகை வேறு ஒருவனுடையது என்று தெரிந்திருக்கிறது. அந்த வேறு ஒருவனும் செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டான். அறிக்கையை வெர்னா மூன்று முறை படித்துவிட்டாள். சந்தேகத்துக்கே இடமில்லை, ஓடம் நிரபராதி.

"நீதிபதி ஹாஸ்கெல் முன்னாடி நான் நின்னதே இல்ல. ஏதாவது தெரிஞ்சு வச்சுக்கணுமா?" என்று கேட்டாள் கொரின்.

வெர்னாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஹாஸ்கெல் முதலில் கேட்பது சட்டம் அல்ல. 'செத்தவங்க வீட்டுக்கு யார் போய்ச் சொன்னீங்க?' என்றுதான் கேட்பார். கடிதம், போன் எல்லாம் அவரிடம் செல்லாது. அரசு வழக்கறிஞர் நேரில் போய் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கைத் தூக்கிக் கோடை கழிந்து இலையுதிர் காலத்துக்கு ஒத்திப் போட்டுவிடுவார். எதிர்த் தரப்பில் இருந்த வக்கீலுக்குச் செத்தவர் வீட்டு வாசல் எப்போது திறந்திருக்கிறது? கொரினுக்கு இது தெரிய நியாயமில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. தைரியமா போங்க" என்றாள் வெர்னா.

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கொரின் திணறுவதை நினைத்தால் இனித்தது. ஓடம் இன்னொரு கோடையை உள்ளே கழிப்பான் என்று நினைத்ததும் அந்த இனிப்பு கசந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் யோசனை தோன்றியது. தானே போய் டுவைட்டின் அம்மா ஓப்பலிடம் சொல்லிவிட்டால்? நாளைக்குக் கொரின் பேந்தப் பேந்த விழிக்கும்போது, பின் வரிசையிலிருந்து எழுந்து, 'நான் போய்ச் சொல்லிட்டேன், ஐயா' என்று சொன்னால்? பத்திரிகைக்காரர்களும் வந்திருப்பார்கள். அவளைக் கிளப்பியது இரக்கமா பொறாமையா என்று கேட்டால், பொய் சொல்வானேன், முக்கால்வாசி பொறாமைதான்.

சர்ச் முடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போனாள். ஓப்பல் ஜென்னர் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு கார் நுழையும் அகலத்துக்குத்தான் பாதை. அதில் ஏற்கெனவே ஒரு பச்சை நிறச் சின்னக் கார் நின்றது. உறவுக்காரர் யாராவது இருக்கும் என்று நினைத்து அதன் பின்னாலேயே ஒட்டி நிறுத்தினாள்.

சமையலறை மேசையில் கொரின் உட்கார்ந்திருந்தாள். அதுவும் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, சொந்த வீடு போல. முன்னால் பாதி தின்ற எலுமிச்சை கேக்.

"வாம்மா வெர்னா" என்றாள் ஓப்பல். "தீர்ப்பு வந்த அன்னைக்குப் போனவ, இப்போதான் வழி தெரிஞ்சுதா? இந்தப் பொண்ணைப் பாரு, மூணு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வருது."

வெர்னாவுக்கு முகம் செத்துவிட்டது. இதையுமா இவள் தட்டிக்கொண்டு போக வேண்டும்! யாரும் சொல்லித்தராமல், தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"வந்து என்ன புண்ணியம்?" என்றாள் ஓப்பல். "நாளைக்குக் கோர்ட்டுல எழுந்து, அவனை விடாதீங்கன்னுதான் சொல்லப்போறேன். இதுகிட்டயும் சொல்லிட்டேன். கைரேகைங்குது, காகிதத்தைக் காட்டுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன்தான்னு சொன்னவ நீ. நீ சொல்லு இப்போ."

கொரின் நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள். இத்தனை ஞாயிறுகள் வந்து உட்கார்ந்தும் தன்னால் வாங்க முடியாத ஒன்று, இன்றைக்கு வந்து நின்றவளின் வாயில் இருக்கிறதே என்ற எரிச்சல் அது. வெர்னாவுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வாயைத் திறக்காமல் போனாலே போதும்; செத்தவனின் அம்மாவே எழுந்து தடுத்தால் ஹாஸ்கெல் ஒத்திப் போட்டுவிடுவார், நாளைக்குக் கொரின் தோற்றுவிடுவாள். திறந்தால் அடுத்த டோனட் பெட்டியும் கொரினுடையது.

ஓப்பல் மேசையில் சிந்திய துகள்களை ஆள்காட்டி விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இல்லம்மா" என்றாள் வெர்னா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "டுவைட்டைச் சுட்டது வேற ஒருத்தன். அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

ஓப்பல் துகள் ஒட்டிய விரலைத் தட்டில் தேய்த்தாள்.

"தினம் படுக்கும்போது அந்த ஓடம் பையன் பேரைச் சொல்லிச் சபிச்சேனே" என்றாள் ஓப்பல். "பேரைச் சொல்லி, வெர்னா. கடவுளுக்குக் குழப்பம் வந்துடக் கூடாதுன்னு."

யாரும் அவளைத் தொடவில்லை. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவன் முகத்தை நான் பார்க்கணும். யாரு என்னைக் கூட்டிட்டுப் போறது?"

"நான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

ஓப்பல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டு கேக் வெட்டி வெர்னாவின் முன் வைத்தாள். கொரின் தட்டில் இருந்ததைவிட அது கொஞ்சம் பெரியது. வெர்னா நின்றபடியே தின்று முடித்தாள்.

கொரின் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் கிளம்பணும், நாளைக்குத் தயார் பண்ண வேண்டியது இருக்கு. உங்க காரைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா..."

ஜன்னல் வழியே பார்த்தால் பச்சைக் காரின் முதுகில் வெர்னாவின் கார் இடிக்காத குறையாக ஒட்டி நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலித் தட்டை ஓப்பல் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு துண்டு கிடைக்குமாம்மா?"

"உங்களுக்குத்தான் சர்க்கரை ஆகாதே" என்றாள் கொரின்.