வெண்ணெய் தடவித் தின்ற ரக்கூன்

டெல்பர்ட் ஸ்டம்போவுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ராத்திரியில் தோட்டம் புகுந்து திருடித் தின்னும் ரக்கூன்கள் மேலும் கிடையாது. ஆனால் ரக்கூன் திருட வந்தால் திருடனாகவே வரும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு வரும். குடியிருப்போர் சங்கத்துக்காரன் மாதிரி கையில் கேக்கை ஏந்திக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வராது. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ரக்கூன் மேல் கொஞ்சம் மரியாதை இருந்தது.

ஆயுசு முழுக்க மாவட்டச் சாலைகளில் மண் தள்ளும் வண்டி ஓட்டியவர். வேலை முடிந்தது, மனைவி வாண்டாவின் முட்டியும் முடிந்தது. படி ஏற முடியாதென்று அவள் சொல்லிவிட்டதால் மலைப்பக்க வீட்டை விற்றுவிட்டு, ஒஹையோ மாநிலத்தில் மேப்பிள் ரிட்ஜ் என்ற இந்தக் குடியிருப்புக்கு வந்தார்கள். மேப்பிள் மரமும் இல்லை, மேடும் இல்லை. புல் இருந்தது. வீட்டுக்கு வீடு ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், யாரும் தின்னாத புல். அதை ஆண்கள் சனிக்கிழமை வெட்டினார்கள். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகையில் நாற்காலி போட்டு, அது வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்பர்ட் பின்பக்கத்துப் புல்லைக் கொத்திப் புரட்டிவிட்டு மக்காச்சோளம் விதைத்தார். வேகவைத்துத் தின்கிற இனிப்புச் சாதி.

பயிர் முழங்காலைத் தொட்டதும் பக்கத்து வீட்டு ராண்டல் ப்ரூயிட் வந்தார். சங்கத்தின் தலைவர். காப்பீட்டுக் கம்பெனியில் மேலாளராக இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லியே ஓய்வூதியம் சம்பாதித்தவர். அன்றைக்கும் கையில் கேக் இருந்தது.

“டெல்பர்ட், இது தோட்டம் மாதிரி தெரியலீங்களே. விவசாயம் மாதிரில்ல இருக்கு.”

“ஆமா. திங்கிறதுக்கு.”

“ரெண்டு தொட்டில தக்காளி வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது ஆள் உசரம் வளருமே. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?”

“சோளம்னு நெனப்பாங்க.”

ராண்டல் சிரித்தார். பிறகு சங்கத்தைக் கூட்டினார். இந்த ஒரு கோடைக்கு மட்டும் விடுவதென்று முடிவாயிற்று. செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தின விருந்தில், அந்தச் சோளம் குடியிருப்போரின் தட்டுக்கு வர வேண்டும். வந்தால் கொல்லை பிழைக்கும். வராவிட்டால் சங்கமே ஆள் வைத்துப் பாய் சுருட்டின மாதிரி புல்லைக் கொண்டுவந்து விரித்துவிடும்.

“விரிச்சா விரிச்சிட்டுப் போறாங்க” என்றாள் வாண்டா. “உனக்கு எதுக்குக் கெழவா இந்த வம்பு?”

“அப்புறம் நான் காலைல எந்திரிச்சு எங்க போவேன்?”

கொட்டகைகளில் உட்கார்ந்திருக்கிற ஆண்களை அவளும் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்டில் கதிருக்குள் பால் பிடித்தது. மனிதனுக்கு அது நகத்தால் கீறிப் பார்த்தால்தான் தெரியும். ரக்கூனுக்கு எப்படித் தெரியுமோ, தெரிந்துவிடும். ஒரு நாள் வெயில் தாழும் முன்பே கொழுத்த ரக்கூன் ஒன்று வேலி ஏறி வந்தது. தண்டைக் கட்டிப்பிடித்துத் தன் எடையால் சாய்த்து, மட்டையைக் கிழித்து, அரைக் கதிரைத் தின்றுவிட்டு, மீதியைப் போட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போனது. ஒன்றையாவது முழுசாகத் தின்று தொலைத்திருந்தால்கூட டெல்பர்ட்டுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

உள்ளே போய்க் காற்றுத் துப்பாக்கியை எடுத்து வந்தார். பழையது, கனமானது, நேராகச் சுடும். குண்டு தவறினால் மண்ணில் போய்ப் புதைய வேண்டும் என்பதற்காகப் படியின் மேலே உட்கார்ந்து கீழ்நோக்கிக் குறி வைத்தார். தலையில் விழாது என்றால் அவர் சுட மாட்டார். காயத்தோடு ஓடிப்போய் யார் வீட்டுப் பின்பக்க மரத்தளத்துக்கு அடியிலாவது கிடந்து சாக விடுவது ஆண்பிள்ளை செய்கிற வேலை இல்லை. ரக்கூன் தலையைத் தூக்கியது. டப் என்றது. அவ்வளவுதான். மறுநாள் இன்னொன்று. இரண்டையும் வேலியோரம் ஆழமாகப் புதைத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ரக்கூன் வரவில்லை, சங்கம் வந்தது. ராண்டலின் மனைவி பெவர்லி அந்த டப் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். குடியிருப்புக்குள் துப்பாக்கி கூடாது என்று விதி இருக்கிறது. அது துப்பாக்கிதானா என்று வெகுநேரம் பேசினார்கள்.

“மருந்து இல்ல, நெருப்பு இல்ல, வெறும் காத்து” என்றார் ஹெர்ப் ஸெலின்ஸ்கி. பல் மருத்துவராக இருந்தவர், சங்கத்தின் செயலாளர். “நான் பல்லு ஓட்டைல அடிச்ச காத்தும் இதே காத்துதான். அதுக்கு யாரும் செத்ததில்ல.”

“கத்தினாங்க” என்றார் டெல்பர்ட்.

கடைசியில், பொம்மைத் துப்பாக்கிக்கு இருக்கிற மாதிரி குழல் நுனியில் ஆரஞ்சு நாடா ஒட்டினால் அது துப்பாக்கி அல்ல, தோட்டக் கருவி என்று தீர்மானித்தார்கள். ஆனால் தோட்டக் கருவியைத் தோட்டக்காரன் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று ஒரு ரக்கூன் காவல் படை அமைக்கப்பட்டது. ராண்டல் தளபதி. டெல்பர்ட்டுக்கு அதில் இடம் இல்லை. சோளம் அவருடையது என்பதால் அவர் நடுநிலையாக இருக்க மாட்டாராம்.

ஒரே வாரத்தில் மேப்பிள் ரிட்ஜ் ஆண்களுக்கு இளமை திரும்பிவிட்டது. ஆளுக்கொரு புதுக் காற்றுத் துப்பாக்கி, அதன் மேல் தொலைநோக்கி, வேட்டைக்காரர்கள் போடுகிற இலைப் படம் போட்ட சட்டை. பச்சைப் புல்தரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இலைச் சட்டை எதற்கென்று வாண்டா கேட்டாள். ரக்கூன் கண்ணில் படாமல் இருக்கவாம். அவர்கள் பேச்சுச் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்டது.

ஹெர்ப் முதல் நாளே பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைச் சுட்டு இரண்டாகப் பிளந்தார். இன்னொருவர் கொடியில் காய்ந்த வாண்டாவின் போர்வையைச் சுட்டார். அது அசைந்ததாம். ரக்கூனை விரட்ட டெல்பர்ட் பயிருக்கு நடுவே பாட வைத்திருந்த ரேடியோவை எடுத்துவந்து பேஸ்பால் வர்ணனை கேட்டார்கள். பிறகு கரியடுப்பு வந்தது. குளிர்ப்பெட்டி நிறைய பீர் வந்தது.

“காவலுக்கு அடுப்பு எதுக்குய்யா?” என்று டெல்பர்ட் கேட்டார்.

“தொத்திறைச்சி சுடத்தான். நீங்க போய்ப் படுங்க டெல்பர்ட்” என்றார் ராண்டல். “நாங்க எதுக்கு இருக்கோம்?”

அந்த வார்த்தையை யார் சொன்னாலும் டெல்பர்ட் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆனால் தீர்மானம் தீர்மானம். போய்ப் படுத்தார்.

விருந்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கதிரைச் சோதிப்பதென்று முடிவு செய்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகுதான் கதிரைப் பறிக்கப் போக வேண்டும். பறித்து வைத்துவிட்டுத் தண்ணீர் வைத்தால் இனிப்பெல்லாம் மாவாகிவிடும். வாண்டா பானையை ஏற்றிவிட்டுக் கூப்பிட்டாள். டெல்பர்ட் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“தண்ணி கொதிக்குது, சோளம் எங்க?”

“தண்ணிய ஊத்திடு.”

படை வந்த பிறகு அவர் பயிருக்குள் இறங்கவில்லை. வெளியே இருந்து பார்த்தால் கொல்லை நன்றாகத்தான் இருந்தது. தண்டெல்லாம் சிப்பாய் மாதிரி நின்றது. ஒன்றுகூடச் சாயவில்லை, ஒரு மட்டைகூடக் கிழிந்து கிடக்கவில்லை. கதிர்தான் இல்லை. கீழே இழுத்து ஒரு முறுக்கு முறுக்கிப் பறித்த தடம் மட்டும் இருந்தது. ஓரத்து வரிசையில் சொத்தையாக நாலைந்து மிச்சம். காவல் படையின் நாற்காலிகளுக்குப் பின்னால் கறுப்புக் குப்பைப் பை ஒன்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. டெல்பர்ட் அவிழ்த்தார். உள்ளே சுட்டுத் தின்ற சக்கைகள். வெண்ணெய் வாசனை. மிளகுத் தூள். ஒரு சக்கையின் முனையில், கை சுடாமல் பிடித்துக்கொள்ளக் குத்துகிற குட்டி மஞ்சள் கைப்பிடி அப்படியே இருந்தது. அதன் தலை சோளக்கதிர் வடிவம்.

“ஒவ்வொண்ணையும் முழுசாத் தின்னிருக்கானுங்க” என்றார். “அந்த மட்டும் ரக்கூனுக்கு மேல.”

“விருந்துல சொல்லப் போறியா?”

“சொன்னா புல்லு. சொல்லாட்டியும் புல்லு. சொல்லிட்டே விரிக்கட்டும்.”

திங்கட்கிழமை குடியிருப்பே பொதுப் புல்வெளியில் கூடியது. நீள மேசையில் உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், பன்றி விலா. சோளத்துக்கென்று வைத்த பெரிய தட்டு காலியாக இருந்தது. ராண்டல் எழுந்தார்.

“வருத்தமான சேதி. படை ராப்பகலா பாடுபட்டுச்சு. ஆனா எதிரி தந்திரசாலி. சோளம் மொத்தத்தையும் ரக்கூன் தின்னுருச்சு.”

டெல்பர்ட் பையைக் கவிழ்த்தார். சக்கைகள் காலித் தட்டில் சடசடவென்று விழுந்தன. சிலது பீன்ஸுக்குள் விழுந்தது. பெவர்லி குனிந்து அந்த மஞ்சள் கைப்பிடியைப் பிடுங்கினாள்.

“இது நம்ம செட்டு” என்றாள் புருஷனிடம். “ஒண்ணு காணோம்னு வீடு பூரா தேடினேன்.”

ராண்டல் அசரவில்லை. அவர் பார்க்காத சேதமா, அவர் மறுக்காத சாட்சியா.

“ரக்கூனுக்குக் கை உண்டு” என்றார். “அஞ்சு விரல். எங்க தளத்துல ஏறிக் களவாண்டிருக்கும்.”

“என் குப்பைத்தொட்டி மூடியத் திருகியே தெறந்துச்சு” என்றார் ஹெர்ப் அவசரமாக.

“வெண்ணெய்?” என்றாள் பெவர்லி.

“வெண்ணெய் வெளியதானே இருந்துச்சு.”

“மிளகு?”

இலைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“மிளகு வாசனை ரக்கூனுக்குப் புடிக்கும்னு எங்கயோ படிச்சிருக்கேன்” என்றார் ஹெர்ப். “படிச்சிருக்கேன்னு நெனைக்கிறேன்.”

படித்தவர் சொல்கிறாரே என்று மேசையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலைவர் திருடினார் என்று ஒத்துக்கொள்வதைவிட ரக்கூன் வெண்ணெய் தடவித் தின்றது என்று நம்புவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. அதோடு, ரக்கூன் இல்லையென்றால் படை எதற்கு, படை இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிகள் எதற்கு என்று மனைவிமார் கேட்பார்கள்.

ராண்டலுக்குத் தெம்பு வந்துவிட்டது. டெல்பர்ட் பக்கம் திரும்பினார். குரலில் தேன்.

“டெல்பர்ட், இது உங்க தப்பு இல்ல. வெளஞ்சத வனவிலங்கு தின்னா அது இயற்கைச் சேதம். அடுத்த வருஷமும் நீங்க போட்டுக்கலாம். சங்கம் ஒத்துக்கும். நீங்க ஒரு வார்த்த சொல்லணும், அவ்வளவுதான். தின்னது ரக்கூன்தானே?”

டெல்பர்ட் சக்கைகளைப் பார்த்தார். வாண்டாவைப் பார்த்தார். அவள் எலுமிச்சைச் சாற்றுக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிறந்ததிலிருந்து ஒருத்தன் வசதிக்காக வாயைத் திறந்ததில்லை. புல் விரித்த கொல்லையும் அவருக்குக் கண் முன்னால் தெரிந்தது.

“ரக்கூன்தான்” என்றார். “நானே பாத்தேன்.”

ராண்டல் மூச்சு விட்டார்.

“எழுதிக்கய்யா ஹெர்ப்” என்றார் டெல்பர்ட். “பெரிய உருப்படி. கெழடு. முடியெல்லாம் நரைச்சுப்போச்சு, உச்சில மட்டும் சொட்டை. பின்னங்கால் ரெண்டுல நிமுந்து நடக்கும். செருப்புக்குள்ள வெள்ளக் காலுறை போட்டிருக்கும்.”

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறினார்கள். எல்லார் கண்ணும் ராண்டலின் காலுக்குப் போய்த் திரும்பியது. ஹெர்ப் பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“காலுறையும் எழுதணுமா?”

“எழுது. அப்பத்தான் அடையாளம் தெரியும். படையெல்லாம் வேண்டாம். இது மறுபடி வரும், ருசி கண்டது. என் கொல்லைல கால வச்சா நானே சுட்டுக்கிறேன். தோட்டக் கருவிதானே. அதையும் தீர்மானத்துல போடு.”

ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். பெவர்லியின் கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கையும். கடைசியாக ராண்டலின் கை, தோள் வலிக்கிறவன் மாதிரி, மெதுவாக. வேண்டாமென்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அடுத்த கோடையில் டெல்பர்ட் விதைத்தார். நிஜ ரக்கூன்கள் வந்தன. ஒன்றைச் சுட்டார், மற்றவை வேலியோரத்து வரிசையைச் சாய்த்துவிட்டுப் போயின. அந்த நஷ்டம் அவருக்குப் பழக்கம். ராண்டலின் கோல்ஃப் பந்து ஒரு தடவை பயிருக்குள் போய் விழுந்தது. ராண்டல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். படியில் டெல்பர்ட் மடியில் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

“உள்ள வந்து எடுத்துக்கயேன்” என்றார் டெல்பர்ட்.

“இருக்கட்டும், வேற பந்து இருக்கு.”

தொழிலாளர் தினத்தன்று கூடை நிறைய சோளம் மேசைக்கு வந்தது. ஆவி பறந்தது. கை மாறி மாறி வந்த கூடை ராண்டலிடம் நின்றது.

“எனக்கு வேண்டாம்” என்றார். “பல்லுல மாட்டும்.”

பெவர்லி ஒரு கதிரை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

“தின்னுங்க. இப்ப யாரு பாத்தாலும் பரவால்ல.”