மூன்றாவது மடிப்பு

பெட்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே வெள்ளை, கறுப்பு, நீலம் என்று அடுக்கடுக்காகச் சலித்துப் போட்ட மணல். ஒரு முனையில் இருக்கும் பலகையை மோட்டார் தள்ளும். நத்தை பார்த்தால் சிரிக்கும், அவ்வளவு மெதுவாக. இரண்டு நிலத்தட்டுகள் நெருங்கினால் நடுவில் மலை எப்படி எழுகிறது என்று அந்தப் பெட்டி காட்டிவிடும். அதில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே பத்து லட்சம் ஆண்டு என்பது பேராசிரியரின் கணக்கு. மலை பிறப்பதைப் பார்க்க ஆசையாக வரும் மாணவர்கள் கால் மணி நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பவள் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருத்திதான். பதினெட்டு வருடமாக இதே வேலை என்பதால் கட்டடம் முழுக்க அவளுக்கு மலைக்காரி என்றே பெயர்.

அன்று காலை ஒன்பதரைக்கு மோட்டாரைப் போட்டாள். பத்து மணிக்குத் தம்பி மகளிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, அப்பா ரெண்டு வாரமா ஆஸ்பத்திரியில இருந்து, இப்போ போயிட்டாரு. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. அதுக்குள்ள வந்து முகத்தைப் பார்த்துடுங்க."

"சரிம்மா" என்று வைத்துவிட்டாள். பெட்டிக்கு எதிரே நின்ற கேமராவின் பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தி ஒரு படம், நோட்டில் நேரம், பக்கத்தில் ஒரு டிக். தம்பி வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெட்டி மூன்றரை வரை ஓடும். அடுத்த அறையில் இருக்கும் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. பலகையை ஒட்டி மணல் மடங்கி முதல் மடிப்பு எழுந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவனை நினைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியவன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "உனக்கு மண்ணுதான் பெருசு, கல்லுளிமங்கி" என்று கத்தியவனும் அவன்தான். அதிலிருந்து ஏழு வருடம் பேச்சில்லை.

பத்து நாள் முன்பு அவனே கூப்பிட்டான், மூன்று தடவை. அன்றும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பைக்குள்ளேயே அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு திருப்பிக் கூப்பிட என்ன கேடு? வீம்பு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சாவு வீட்டுக் கூடத்தில் நின்று யாரிடம் சொல்வாள்?

பன்னிரண்டரைக்கு, முதல் மடிப்புக்கு முன்னால் இரண்டாவது எழுந்தது. முதலாவது அதன் முதுகில் ஏறிச் சாய்ந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"எப்படிம்மா போகுது?"

"ரெண்டு வந்துடுச்சு சார். மூணாவது எங்க உடையும்னு தெரியல."

"அதுதான் நமக்கு வேணும். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சார்." பொய்.

ஒன்றே முக்கால். இப்போது எழுந்தால்கூட போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் நேரத்தைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். இரண்டைத் தாண்டியதும் இனி முடியாது என்று தெரிந்தது. உடனே உடம்பு லேசானது. அப்படி லேசானது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டே காலுக்கு, அதுவரை சும்மா கிடந்த தட்டை மணலில் சாய்வாக ஒரு கீறல் விழுந்தது. மூன்றாவது மடிப்பு அழகாக மேலே வந்தது. மூன்று மணி ஆனபோது மூன்று மணி என்று எழுதி டிக் போட்டாள்.

மோட்டார் நின்றதும் பேராசிரியர் ஆவலோடு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மதியம் ஒரு மணி நாற்பத்து நான்கு நிமிடத்தோடு படங்கள் நின்றுவிட்டன. நோட்டில் மட்டும் அதற்குப் பிறகு ஐம்பதுக்கு மேல் டிக். மூன்றாவது மடிப்புக்கு ஒரு படம்கூட இல்லை. பொத்தானை எப்போது அழுத்தாமல் விட்டோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

நல்ல மனிதர், கோபப்படவில்லை. "விடுங்கம்மா, மணல்தானே. நாளைக்கு மறுபடி ஓட்டிக்கலாம்."

"நாளைக்கு லீவு வேணும் சார்."

"என்ன விசேஷம்?"

"என் தம்பி செத்துட்டான்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்போ?"

"காலைல. பத்து மணிக்கு போன் வந்துச்சு. இந்நேரம் எடுத்திருப்பாங்க."

"அடக் கடவுளே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கார்ல கொண்டுபோய் விட்டிருப்பேனேம்மா!"

"தெரியும் சார்" என்றாள். "அதனாலதான் சொல்லல."