அமாரிக்குத் தெரியக் கூடாது

கடைசி அத்தியாயத்துக்கு வரும்வரை கவரைப் பிரிப்பதில்லை என்பது எங்கள் பத்தொன்பது வருட ஒப்பந்தம். திங்கட்கிழமை காலை, ஒன்பதாவது அத்தியாயத்திலேயே பிரித்துவிட்டேன். கத்தரிக்கோலை எடுக்கும் முன் வாசல் கதவைத் தாழிட்டேன். திருடுகிறவள்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கமாட்டாள்.

எங்கள் துப்பறியும் தொடரில் முடிச்சுப் போடுவது குராமோச்சி சான். எழுதுவது நான், நிஷிகோரி. அவர் ஒட்டாருவில் இருக்கிறார், நான் சப்போரோவில். ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன நடக்கிறது என்று தபாலில் குறிப்பு அனுப்புவார். கொலையாளி யார் என்பதை மட்டும் தனிக் கவரில் ஒட்டி அனுப்புவார். எங்கள் துப்பறிவாளர் தொக்கிதாவின் கதையைச் சொல்பவன் அமாரி என்ற தபால் குமாஸ்தா, வடிகட்டிய அசடு. "உனக்குத் தெரிஞ்சா அமாரிக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் அவன் முழியே திருட்டு முழியா மாறிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் பெண் என்றாலும் என்னையே அமாரி, வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வாசகர் கடிதங்களில் முக்கால்வாசி அமாரிக்குத்தானே வருகிறது! ஒவ்வொரு கதையிலும் அவன், "எனக்கு ஒண்ணுமே புரியலையே, தொக்கிதா சான்" என்பான். தொக்கிதா, "டீ ஆறிப்போகுது. குடிச்சிட்டே யோசிப்போம்" என்பார். அந்த இரண்டு வரிக்காகவே புத்தகம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை குறிப்புகளில் மூன்றாம் அத்தியாயத்துப் பூனை ஏழில் நாயானது. ஆஹா, மனுஷன் பின்னுகிறாரே என்று ரசித்து எழுதினேன். ஐந்தில் செத்த மாமா ஒன்பதில் மீன் வாங்கச் சந்தைக்குப் போனார். அப்போதுதான் கவரைக் கையில் எடுத்தேன். கவருக்குள் இருந்தது எங்கள் நான்காவது புத்தகத்தின் முடிவு. வரிக்கு வரி அதேதான். இந்தக் கதையில் இல்லாத ஒரு பல் டாக்டரைக் கொலையாளி என்று எழுதியிருந்தார்.

அவசரத்தில் கவரை மாற்றிப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை ரயில் ஏறினேன். ஒரு மணி நேரம்கூட இல்லாத பயணத்தில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன்.

அவர் மனைவி சயோ சான் கதவைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்குப் பரவாயில்ல" என்றார். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

"எத்தனை நாளா?"

"போன வசந்தத்துலேர்ந்து. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. போன வசந்தத்திலிருந்து பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. கையெழுத்து சரிவதைப் பார்த்தேன், குளிருக்கு விரல் மரத்திருக்கும் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் ஒரே கடிதம் இரண்டு தடவை வந்தது, தபால்காரரைத் திட்டினேன். அசடு மாதிரி எழுதி எழுதி நிஜமாகவே அசடாகிவிட்டேனா!

ஜன்னலோரம் தாழ்ந்த மேஜைக்கு அடியில் கால் நீட்டி, பஞ்சுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார் குராமோச்சி சான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். வழக்கமாக, "வாடா அமாரி, எங்க கோட்டை விட்ட?" என்பார். அந்தக் கிண்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"ஒன்பது அத்தியாயம் எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"படிங்க, படிங்க. கதைன்னா எனக்கு உசிரு."

படித்தேன். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தத்துக்குக்கூட அவர் திரும்பவில்லை. செத்த மாமா மீன் வாங்கப் போன இடத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துவிடு, எல்லாம் உன்னைச் சோதிக்கத்தான் என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலையே" என்றார். "யாருங்க கொன்னது?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் மேஜை மேல் சாய்ந்து, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க பதிப்பகத்துலேர்ந்துதானே வர்றீங்க? ஒரு உதவி பண்ணணும். கவர்ல பழசு ஒண்ணைப் போட்டு ஒட்டிட்டேன். புதுசு வரவே மாட்டேங்குது. எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் வரலை." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அமாரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நல்ல பொண்ணு."

"சொல்லலை" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை விட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டு நிமிர்ந்தவர், மறுபடியும் கதையின் நினைவு வந்து கவலைப்பட்டார். "அப்போ கொன்னது யாரு? யாராவது கண்டுபிடிக்கணும் இல்ல?"

சயோ சான் இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன். பத்தொன்பது வருடத்தில் இந்த வரியை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"டீ ஆறிப்போகுது. குடிச்சிட்டே யோசிப்போம்."

அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு, அடுத்த வரிக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த கடைசிப் பக்கம் மாமா மீன் வாங்கப் போனதோடு முடிந்திருந்தது.