அடுப்பு எரிகிற வீடு

வீடு முழுக்கத் தேடியும் ஒரு தீக்குச்சி அகப்படவில்லை. நர்மதா அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுப் பார்த்தாள், சாமி மாடத்தைத் துழாவினாள், புருஷனுடைய சட்டைப் பைகளைக்கூட விடவில்லை. ஆணியில் தொங்கும் கேஸ் லைட்டரையும் காணோம். எல்லாம் மாமியார் செல்லம்மாவின் வேலை. ஒன்றைச் செய்வதென்று இறங்கிவிட்டால் அந்த அம்மாள் அரைகுறையாக விடுகிற பேர்வழி இல்லை. சிலிண்டரை மட்டும்தான் தூக்க முடியாமல் விட்டு வைத்திருந்தாள்.

காரணம் நர்மதாவுக்குத் தெரியும். போன வாரம் அவள் புருஷன் ஜெகதீசனும் அவன் தம்பி கருணாகரனும் மீன்பிடிக்கப் போன ஃபைபர் படகு கவிழ்ந்தது. தம்பியை மட்டும் காசிமேட்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். அலை கவிழ்த்துவிட்டது என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து செல்லம்மாவுக்கு மருமகள் தனக்கே நெருப்பு வைத்துக்கொள்வாளோ என்று பயம். நினைத்தால் நர்மதாவுக்குச் சிரிப்பாக வந்தது. அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டும். அவளுக்குத் தலைமுடியை அள்ளி முடிவதற்கே அலுப்பாக இருந்தது.

அவளுக்கு வேண்டியது வேறு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, தெருக்காரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள். சாவு என்று இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தூக்குச்சட்டிகள் மட்டும் வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தன. நர்மதா ஒன்றையும் தொடவில்லை, டீக்கடை பன்னிலேயே நாளை ஓட்டினாள். அந்தச் சோற்றில் கை வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டது மாதிரி. உடம்பு கரை ஒதுங்கவில்லை, கடல் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் இவர்களுக்கு என்ன அவசரம்? அடுப்பு எரிகிறவரைக்கும் இது ஜெகதீசன் திரும்பி வருகிற வீடு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

காலையில் செல்லம்மா பஞ்சாயத்துக்காரர்களோடு மீன்துறை ஆபீசுக்குக் கிளம்பியதும் நர்மதா முனைக்கடைக்குப் போனாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட சுயம்பு அண்ணாச்சி அவளைப் பார்த்ததும் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஒரு தீப்பெட்டி குடு அண்ணாச்சி.”

“இல்லயே தாயி. சரக்கு தீந்துபோச்சு.”

அவர் தலைக்குப் பின்னால் தீப்பெட்டிகள் பண்டல் பண்டலாக அடுக்கியிருந்தன. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும் கையை நீட்டிக் காட்டவில்லை. நல்ல மனிதர், பாவம், பொய் சொல்லத்தான் வரவில்லை.

எதிர் வீட்டு மரியத்திடம் கேட்டாள். “வெள்ளிக்கெயமையும் அதுவுமா வூட்லேர்ந்து நெருப்பு குடுக்கக் கூடாதுக்கா” என்றாள் மரியம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு இந்தச் சாஸ்திரம் எப்போது பிடித்ததோ. சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தூக்கில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். ஊரே சேர்ந்து நெருப்பை ஒளித்துவைத்துவிட்டுச் சோற்றை மட்டும் நீட்டியது. நர்மதா அதை வாங்கிவந்து மூலையில் வைத்தாள்.

கடைக்கும் வீட்டுக்கும் கருணாகரன் பின்னாலேயே வந்திருந்தான். செல்லம்மா வைத்துவிட்டுப் போன காவல். இப்போது வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பேட்டரி கிடந்தது. படகு விளக்குக்கு அவர்களிடம் இரண்டு பேட்டரி உண்டு. புதிது கடலுக்கு, பழசு வீட்டில். அதைப் பார்த்ததும் ஜெகதீசன் சொன்னது நினைவுக்கு வந்தது. கடலில் தீப்பெட்டி நமுத்துப்போனால் பேட்டரி ஒயர்களை உரசி, டீசல் துணியில் பொறி பிடித்து, அதில் பீடி பற்றவைப்பானாம். “பீடி இல்லாம இன்னாமே கடலு?” என்பான். அப்போது அவனைத் திட்டினாள்.

பீரோவை நகர்த்திப் பேட்டரியை அடுப்பு மேடை வரைக்கும் இழுத்துவருவதற்குள் மூச்சு வாங்கியது. உலை நீரை எடுத்துவைத்தாள். பழைய விளக்கு ஒயரின் இரண்டு முனைகளைப் பேட்டரியில் மாட்டினாள். கேஸைத் திருகி, மற்ற இரண்டு முனைகளையும் பர்னருக்கு மேலே உரசினாள். ஒயர் நழுவியது. கேஸை மூடிவிட்டு, நாற்றம் போகட்டும் என்று சன்னலைத் திறந்துவைத்து நின்றாள். பழைய பேட்டரிதானே, எவ்வளவு உயிர் இருக்கப் போகிறது என்று தோன்றியது. மறுபடி திருகி, மறுபடி உரசினாள்.

பட்டென்று பொறி தெறித்தது. அடுப்பு பற்றிக்கொண்டது.

நர்மதா அழவில்லை. பாத்திரத்தை ஏற்றினாள், அரிசியைக் களைந்தாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக வீட்டில் வீட்டு வாசனை வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பேட்டரியை ஓரமாகத் தள்ளத் திருப்பினாள். சுவரைப் பார்த்துக் கிடந்த பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. புது பேட்டரி வாங்கிய அன்று அவளே வைத்த பொட்டு.

நிமிர்ந்தபோது கருணாகரன் உள்ளே வந்து நின்றிருந்தான். அவன் பார்த்தது அடுப்பை அல்ல, பேட்டரியை.

“புதுசு இன்னாத்துக்கு கருணா வூட்ல கீது?”

“அண்ணன் அதத்தான் எடுத்தாரச் சொல்லுச்சி அண்ணி. யாரு பீரோவ நவுத்தறதுன்னு, கைக்குக் கெடச்ச பயச எடுத்துகினு போய்ட்டேன். ஒரு ராத்திரி தானேன்னு.”

“அப்ப அலை?”

“அலை இல்ல. பாதி ராத்திரில லைட்டு மங்கிப் பூட்ச்சி. பெரிய போட்டு ஒண்ணு வந்துச்சி, அவனுங்களுக்கு நம்ம போட்டு தெரில. ஏத்திட்டானுங்க.”

“அவரு?”

“தலைல அடி. கையப் புட்ச்சினே மெதந்தேன் அண்ணி. விடியறப்ப மூச்சு இல்ல. என் கையி மரத்துப் பூட்ச்சி. நாந்தான் வுட்டுட்டேன்.”

உலை கொதிக்க ஆரம்பித்தது. கோபம் வரும் என்று நர்மதா காத்திருந்தாள். வரவில்லை. எதிரே நிற்கிறவனின் கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. இவனும் அந்தத் தூக்குகள் எதையும் தொடவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கையை நீட்டி அடுப்பைத் திருகி அணைத்தாள். கொதி அடங்குகிறவரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு மூலையிலிருந்து மரியத்தின் தூக்கை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள்.

“ரெண்டு தட்டு எடுத்துகினு வா” என்றாள்.