முதல் பென்சில்

ஒரு இசைக்குழு அக்டோபரில் ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டுமென்றால், அதற்கான வேலை மார்ச்சிலேயே பென்சிலில் தொடங்கிவிடும். இன்று எல்லா அரங்குகளும் தேதிகளைக் கணினியில்தான் வைத்திருக்கின்றன. ஆனாலும் அந்தச் சொல் மாறவில்லை. நான் ஷெஃபீல்ட் அரங்கைக் கூப்பிட்டு, "ஆறாம் தேதிக்கு ஒரு பென்சில் போடுங்க" என்பேன்; அதாவது, இன்னும் உறுதி செய்யாமல் அந்த நாளை எனக்காகப் பிடித்து வைக்கச் சொல்வது. அந்த நாள் காலியாக இருந்தால் முதல் பென்சில் எனக்கு. வேறு யாராவது முந்தியிருந்தால் எனக்கு இரண்டாவது. முந்தியவர் யார் என்று அரங்கு சொல்லாது. கெஞ்சினாலும் சொல்லாது. சொல்ல ஆரம்பித்தால் லண்டனின் பெரிய ஏஜென்சிகள் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதிலேயே வருஷம் போய்விடும்.

அவசரமென்றால் சவால் விடலாம். "நான் இன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார்" என்று நான் சொன்னால், அரங்கு முதல் ஆளைக் கூப்பிட்டு இருபத்துநாலு மணி நேரம் கொடுக்கும். அதற்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்காமலே சண்டை முடிந்துவிடும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒரே ஒரு ஆபத்து: எதிராளி விலகிவிட்டால் நாம் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

இந்த மார்ச்சில் நான் எட்டு அரங்குகளைக் கூப்பிட்டேன். ஏழில் எனக்கு இரண்டாவது பென்சில் கிடைத்தது.

இரண்டு மூன்று என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். ஏழு என்பது வேறு. யாரோ எங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்த் துண்டு போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பட்டியல் ஸ்பர்ன் லைட்ஸ் குழுவுக்கானது. ஹல் நகரத்து ராக் குழு, நாலு பேர். ஆறு வருஷம் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது மறுபடி சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஏஜென்ட்கள் நானும் இட்ரிஸும். லீட்ஸில் ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு மேசை. ஒன்பது வருஷமாக ஒன்றில் நான், ஒன்றில் அவன். பட்டியல் தெரிந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். குழுவின் நாலு பேர் தங்கள் பயணத்துக்குத் தாங்களே ஏன் குறுக்கே நிற்கப்போகிறார்கள்? அவர்களைக் கழித்தால் மிஞ்சியது இட்ரிஸ்.

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்தது. பிப்ரவரியிலிருந்து அவன் சில அழைப்புகளை மேசையில் எடுப்பதில்லை. போனைப் பார்ப்பான், எழுந்து மாடிப்படிக்குப் போவான், கதவைச் சாத்துவான். ஒருமுறை அவன் போன் மேசையில் கிடந்தபோது பார்த்தேன், லண்டன் எண். அவன் ஒரு பெரிய ஏஜென்சிக்குப் போகிறான், போகும்போது ஸ்பர்ன் லைட்ஸையும் தூக்கிக்கொண்டு போகிறான், அதற்காக அரங்குகளை முன்கூட்டியே பிடித்து வைக்கிறான் என்று நான் முடிவுகட்டினேன். குழு போனால் இன்னொரு குழுவைத் தேடிக்கொள்ளலாம். இட்ரிஸ் இப்படிச் செய்திருந்தால் அந்த அறையில் நான் கழித்த ஒன்பது வருஷத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொறி வைத்தேன்.

அது எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். உண்மையான பட்டியலில் எட்டு ஊர்கள். முதல் வாரம் செவ்வாய் ஷெஃபீல்ட், வியாழன் லீட்ஸ், வெள்ளி நியூகாஸில், சனி கிளாஸ்கோ. அடுத்த வாரம் செவ்வாய் நாட்டிங்ஹாம், வியாழன் மான்செஸ்டர், வெள்ளி பிரிஸ்டல், சனி லண்டன். பார்ப்பவர்களுக்குக் கோணல்மாணலான பாதை. காரணம், டிரம்ஸ் வாசிக்கும் ஃபென்விக்கின் மகள் புதன்கிழமை தோறும் அப்பாவோடு இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புதன் காலி. செவ்வாயும் வியாழனும் ஹல்லிலிருந்து அதிக தூரம் போகக்கூடாது. இந்தப் பட்டியலைப் புதிதாக அச்செடுத்து, கடைசியில் ஒன்பதாவதாக ஒரு பொய்யைச் சேர்த்தேன்: ஞாயிறு, பதினெட்டு, நார்விச். அதை இட்ரிஸின் மேசையில் மட்டும் வைத்தேன். குழுவுக்கு அனுப்பவில்லை. நார்விச் அரங்கையும் கூப்பிடவில்லை. இனி அந்த நாளில் ஒரு பென்சில் முளைத்தால், அது இந்தக் காகிதத்திலிருந்து மட்டுமே போயிருக்க முடியும்.

மூன்று நாள் பொறுத்தேன். அந்த மூன்று நாளும் இட்ரிஸ் வழக்கம்போல் காலையில் எனக்கும் சேர்த்து சாசேஜ் ரோல் வாங்கி வந்தான். "என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு? தூங்கலையா?" என்று கேட்டான். நான் பல்வலி என்றேன்.

நாலாம் நாள் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் நின்று நார்விச்சைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. ஒரு நாடகக் குழுவுக்காகக் கேட்பதாகச் சொன்னேன்.

"பதினெட்டா? ஐயோ, அதுக்கு முதல் பென்சில் விழுந்துடுச்சேம்மா," என்றாள் அந்தப் பெண். "உங்களை ரெண்டாவதா போட்டுக்கட்டுமா?"

"எப்போ விழுந்தது?"

"முந்தாநேத்துதான். ஜஸ்ட் மிஸ்ஸு!"

"யாருன்னு..."

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. சொன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

மாடி ஏறினேன். இட்ரிஸ் தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தான். நான் கோட்டைக் கழற்றாமலே அவன் மேசை முன்னால் நின்றேன்.

"நார்விச்சுக்கு யாரு பென்சில் போட்டது?"

"நான்தான்," என்றான் இட்ரிஸ், நிமிராமலே.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று எதிர்பார்க்கவில்லை. "யாருக்காக?"

"யாருக்காகன்னா? நமக்காகத்தான். நீ லிஸ்ட்ல எழுதி என் மேசையில வெச்ச. ரெண்டு நாளா நீ கூப்பிடவே இல்ல. பல்வலின்னு சொன்ன. சரி, மறந்துட்ட போலன்னு நானே கூப்பிட்டுப் போட்டேன். அங்கயாவது நமக்கு முதல் பென்சில் கிடைச்சுதுன்னு சொல்லலாம்னு இருந்தேன், நீதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு..." அவன் நிறுத்தினான். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். "எனக்குத் தெரியாம நீ ஏன் நார்விச்சைக் கூப்பிட்ட?"

பொறியை எத்தனை கோணத்தில் சரிபார்த்தேன் தெரியுமா? பட்டியல் அரங்குக்கு எந்தெந்த வழியில் போகலாம் என்று படம் வரைந்தே பார்த்தேன். பட்டியலில் ஒரு ஊரைப் பார்த்தால் அதற்குப் பென்சில் போடுவது எங்கள் இருவரின் அன்றாட வேலை என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

இட்ரிஸுக்குப் புரிய ஐந்து விநாடிகூட ஆகவில்லை. அவனும் இதே தொழிலில் இருப்பவன்தானே.

"நார்விச் ஷோவே இல்ல. அப்படித்தானே?"

நான் தலையசைத்தேன்.

"ஓஹோ. எலிக்கு மசால்வடை." எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினான். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "சொல்லுங்க மேடம். நான் எதைத் திருடினேன்?"

"இட்ரிஸ், ஏழு அரங்கு. ஏழுலயும் நமக்கு முன்னாடி ஒருத்தன். குழுவை விட்டா லிஸ்ட் நம்ம ரெண்டு பேர் கையிலதான் இருந்துச்சு. நீ மாடிப்படியில போய் யார்கிட்டயோ பேசற..."

"லண்டன்காரங்க. வேலைக்குக் கூப்பிடறாங்க. மூணு தடவை கூப்பிட்டாங்க, மூணு தடவையும் வேண்டாம்னு சொன்னேன். உனக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான் வெளியில போய்ப் பேசினேன்." மேசையில் இருந்த பட்டியலை எடுத்தான். "சரி. நான் திருடன்னே வெச்சுக்குவோம். அப்போ பிரிஸ்டலை ஏன் விட்டேன்?"

"என்ன?"

"எட்டுல ஏழுன்னு சொல்றியே, மிச்சம் இருக்கிற எட்டாவது பிரிஸ்டல்தானே. முழு லிஸ்ட்டையும் கையில வெச்சிருக்கிறவன் எட்டையும்தானே பிடிப்பான்? அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு பிரிஸ்டல் வேண்டாம். அவன் வேற எங்கயோ வாசிக்கிறான். இது நம்ம லிஸ்ட் இல்ல ஹெஸ்டர். இது வேற ஒருத்தனோட லிஸ்ட். நம்மளுது மாதிரியே இருக்கு, அவ்வளவுதான்."

கோபத்திலும் அவன் மூளை வேலை செய்தது. அதைக் கேட்டதும் என் மூளையும் வேலை செய்யத் தொடங்கியது. இரண்டு பட்டியல்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் இரண்டையும் வளைத்தது ஒரே காரணமாக இருக்க வேண்டும். புதன் கிடையாது. செவ்வாயும் வியாழனும் ஹல்லிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். அந்த வட்டத்தில் இரண்டாயிரம் பேர் நிற்கக்கூடிய நல்ல அரங்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வார இறுதிக்குக் கிளாஸ்கோவும் லண்டனும் இல்லாமல் யாரும் பயணம் போடுவதில்லை. கிளாஸ்கோ போகிற வழியில் நியூகாஸில். இந்த விதிகளைக் கொடுத்தால் எந்த ஏஜென்டும் கிட்டத்தட்ட இதே பாதையைத்தான் போடுவான்.

"ஃபென்விக்," என்றோம் இரண்டு பேரும், ஒருவரையொருவர் பார்க்காமல்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். மூன்றாவது மணியில் ஃபென்விக் எடுத்தான். பின்னால் எங்கோ கடற்பறவைகள் கத்தின.

"அக்டோபர்ல நீ வேற யாருக்கு வாசிக்கிற?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"உன் புதன்கிழமை சொல்லுச்சு."

"அட போ ஹெஸ்டர்! சரி, சரி. டின் கெட்டில் பசங்க."

டின் கெட்டில் இரண்டு பேர் மட்டுமே உள்ள எலக்ட்ரானிக் குழு. மேடையில் இரண்டு மடிக்கணினி, நிறைய புகை, நிறைய விளக்கு.

"அவங்களுக்கு எதுக்குடா டிரம்ஸ்?" என்றான் இட்ரிஸ்.

"இந்தத் தடவை மெஷினோட நிஜ ஆளும் அடிக்கணுமாம். அக்டோபர்ல அந்த ரெண்டு வாரம்தான் எனக்குத் தோது, அதுலயும் புதன்கிழமை வர முடியாதுன்னு சொன்னேன். அதுக்கேத்த மாதிரி அவங்க ஏஜென்ட் தேதி போட்டாரு. பாவம், நல்ல மனுஷன்."

"எங்ககிட்ட எப்போ சொல்றதா இருந்த?"

"ரெண்டுல எது நடக்கும்னு தெரிஞ்சதும். நம்ம ஆளுங்க ஒத்திகையிலயே மண்டையை உடைச்சிட்டுப் பிரிஞ்சிடுவாங்கன்னு நினைச்சேன். நீ நினைக்கல? உண்மையைச் சொல்லு."

"ஃபென்விக், இப்போ மணி பதினொண்ணு. நான் ஏழு அரங்குக்கும் சவால் விடப்போறேன். அவங்க விலகினா நான் கையெழுத்துப் போட்டாகணும். போட்ட பிறகு டிரம்ஸ்காரன் இல்லன்னா நான் காலி. நீ யாருக்கு வாசிப்பேன்னு இப்பவே சொல்லு."

அவன், "ஸ்பர்ன் லைட்ஸ்தான். நானும் சேர்ந்து ஆரம்பிச்ச குழுவாச்சே. கெட்டில் பசங்ககிட்ட நானே பேசிக்கறேன். திட்டுவாங்க. திட்டட்டும்," என்றான்.

ஏழு அரங்குகளையும் இட்ரிஸும் நானும் பங்கிட்டுக் கூப்பிட்டோம். ஒரு வார்த்தை வீணாக்காமல் வேலை செய்தோம். மறுநாள் காலை பத்துக்குள் ஏழு இடத்திலிருந்தும் ஒரே பதில்: முதல் பென்சில் விலகிவிட்டது, உங்களுடையது. டின் கெட்டில் தங்கள் பயணத்தை நவம்பருக்குத் தள்ளிக்கொண்டது. ஃபென்விக் இரண்டுக்கும் வாசிக்கிறான். நான் ஏழு ஒப்பந்தங்களிலும் கையெழுத்துப் போட்டேன். இட்ரிஸ் வரிவரியாகச் சரிபார்த்து, கிளாஸ்கோவில் ஒரு தேதிப் பிழையைக் கண்டுபிடித்தான்.

அப்புறம்தான் அவனிடம் பேச வாய் வந்தது.

"என்னை மன்னிச்சிடு. நான் உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும்."

"ஆமா."

"லண்டன்காரங்க மறுபடி கூப்பிட்டா..."

"நேத்து சாயந்தரம் நானே கூப்பிட்டேன்."

பேக்கரியின் அடுப்பு விசிறி கீழே உறுமிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்ன?"

"ஜனவரியிலேருந்து வரேன்னு சொன்னேன். இந்த டூர் முடியற வரைக்கும் இங்கதான். பாதியில விட்டுட்டுப் போறவன் இல்ல நான்."

"ஒரு நார்விச்சுக்காகவா இட்ரிஸ்?"

"நார்விச்சுக்காக இல்ல." ஒப்பந்தங்களை உறையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதிக்கொண்டே பேசினான். "மூணு நாள். மூணு நாளும் நான் வாங்கிட்டு வந்ததைச் சாப்பிட்டுக்கிட்டே நீ என்னைக் கவனிச்சிட்டு இருந்திருக்க. எனக்கு அது தெரியவே இல்ல. இனிமே நீ பல்வலின்னு சொன்னாக்கூட, நிஜமா பல்வலிதானான்னு யோசிப்பேன். இப்படி எத்தனை நாள் எதிரெதிர்ல உக்கார முடியும்?"

அவன் தவறாகச் சொல்லவில்லை. அவன் பேசி முடித்தபோது என் மனத்தில் முதலில் ஓடியதும், ஜனவரியில் எந்தெந்தக் குழுக்களை அழைத்துப் போவான் என்ற எண்ணம்தான். அது என் முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒருத்தரையும் கூட்டிட்டுப் போகல," என்றான் இட்ரிஸ். "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்," என்றேன்.

அவன் உறைகளை அடுக்கிக்கொண்டு, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினான்.