நகம் போன மறுநாள்

பன்னிரண்டு வருஷத்தில் ஏழு கம்பெனிகளுக்குப் பந்து வீசியவன் நான். கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்தது 1991இல். கிரிக்கெட் சீசனுக்கு முன்னால் தற்காலிக வேலை கொடுப்பார்கள். கோப்பை முடிந்ததும் "அப்புறம் பார்க்கலாம் சந்தானம்" என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். என்னிடம் இருந்ததே ஒரு பந்துதான். இரண்டு விரல் நகங்களைத் தையலில் ஊன்றித் தள்ளினால் அது சுழலாமல் போய், நடுவழியில் இஷ்டத்துக்கு ஆடும். எங்கே விழும் என்று எனக்கே தெரியாது.

ஏழாவது, புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் குழந்தைகளுக்குச் சத்துமாவு செய்யும் கம்பெனி. எனக்கு முப்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் ஜெயித்தால் எனக்கும் கலீலுக்கும் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கலீல் எங்கள் கீப்பர், புனேயில் கோந்த்வாவில் வீடு, தமிழ் பேசுவான். கடைசி நொடிவரை கையுறையை நீட்டமாட்டான். பந்து ஆடி முடிக்கட்டும் என்று காத்திருந்து பிடிப்பான். என் பந்தை அப்படிப் பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அதுவரை நான் கிடங்கில் இருந்தேன். சனிக்கிழமை காலை, ஆள் இல்லை என்று பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே வாசலிலேயே நகச் சோதனை. பயத்தில் இரண்டு விரலிலும் பிளாஸ்திரி சுற்றி, காயம் என்று புளுகினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காயம் என்றால் நேராக முதலுதவி அறைக்குத்தான் அனுப்புவார்கள்.

அங்கே நர்ஸ் செல்வமேரி, தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"காட்டுங்க. ஐயோ, எவ்வளவு நகம்! இதுல அழுக்கு சேர்ந்தா சீழ் வச்சிரும்."

"வேண்டாமுங்க சிஸ்டர்..."

"சும்மா இருங்க, வலிக்காது."

காயமே இல்லை என்றால் பொய்யன் என்று அன்றே துரத்துவார்கள். கையை நீட்டினேன். இரண்டு நகமும் சதையோடு ஒட்ட வெட்டுப்பட்டன. பிளாஸ்திரிக்கு அடியில் காயத்தைக் காணோமே என்று அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அணியிலேயே இடம் இருக்காது. ஞாயிறு முழுக்க விரலை மடக்கியே வைத்திருந்தேன்.

வேகத்தை மட்டும் மாற்றிச் சமாளித்தேன்; ஆடும் பந்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசிப் பந்து என் கைக்கு வந்தது. எதிரணிக்கு மூன்று ரன் தேவை. நகம் இல்லாத விரலால் தள்ளினேன். பந்து ஆடவே இல்லை. குச்சி வைத்தாற்போல நேராகப் போனது. ஆடும் என்று நினைத்து மட்டையை வீசியவன் ஏமாந்தான். ஆடும் என்று காத்திருந்த கலீலும் ஏமாந்தான். பந்து அவன் தோளைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு ஓடியது. நான்கு ரன்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். தோற்றாலும் ஒருவரை எடுக்க மேலிடம் சம்மதித்திருக்கிறதாம்.

"நீ நன்றாகத்தான் போட்டாய். தவறு கீப்பருடையதுதானே?" என்று இந்தியில் கேட்டார்.

மனைவி பாமாவையும் பிள்ளைகளையும் நினைத்தேன். "ஆமாம் சார்" என்றேன்.

வெளியே கலீல் பையோடு நின்றிருந்தான். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. நீங்க அவ்வளவு நல்லா போட்டும் நான் விட்டுட்டேன்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மேனேஜரின் கதவு திறந்தே இருந்தது.

"போச்சாது விடு கலீலு," என்றேன். "நான் அதை மனசுல வெச்சுக்கல."